எலுமிச்சை ஒயினுக்கு ஈஸ்டைப் பழக்குவது எப்படி?

என் முதல் எலுமிச்சை ஒயின் ஒரு குமிழிகூட விடவில்லை. சாறு, தண்ணீர், சர்க்கரை எல்லாவற்றையும் வாளியில் கலந்து, மேலே ஒரு பாக்கெட் ஈஸ்டைத் தூவி மூடி வைத்தேன். மறுநாள் திறந்து பார்த்தேன். அதற்கு மறுநாளும் பார்த்தேன். மூன்றாம் நாள் மூடியில் காதை வைத்தே கேட்டேன். ஒரு சத்தமும் இல்லை. இதே ஈஸ்ட் திராட்சைச் சாற்றில் ஒரே இரவில் நுரை கட்டியிருந்தது. ஆப்பிள் சாற்றிலும் அப்படித்தான். எலுமிச்சையில் மட்டும் ஏன் செத்துப்போனது?

அந்தக் கேள்விக்கான பதில்தான் இந்தக் கட்டுரை. எந்த ஈஸ்ட் வாங்குவது என்று பலரும் கேட்கிறார்கள். அதைவிட முக்கியம், வாங்கிய ஈஸ்டை எலுமிச்சைக்குப் பழக்குவது.

முதலில் சட்டம். நான் இருப்பது கனடாவில். இங்கே சொந்த உபயோகத்துக்கு வீட்டில் ஒயின் செய்யலாம், விற்கக் கூடாது. பிரிட்டனிலும் அப்படித்தான். அமெரிக்காவின் மத்தியச் சட்டப்படி, வயதுவந்தவர் ஒருவர் இருக்கும் வீட்டில் ஆண்டுக்கு 100 காலன், இருவரோ அதற்கு மேலோ இருந்தால் 200 காலன் வரை செய்துகொள்ளலாம். தமிழ்நாட்டில் 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது, உரிமம் இல்லாமல் வீட்டில் செய்வது குற்றம். எனவே சட்டம் அனுமதிக்கிற ஊரில் இருப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

இன்னொரு விஷயம். நம் ஊரில் எலுமிச்சம்பழம் என்பது சின்னதாக, உருண்டையாக இருப்பது. யாழ்ப்பாணத்தில் தேசிக்காய் என்பார்கள். ஆங்கிலக் கணக்கில் அது லைம். இங்கே நான் சொல்வது நீள்வட்டமாக, தடித்த மஞ்சள் தோலோடு இருக்கும் லெமனை. நம் பழத்திலும் செய்யலாம், ஆனால் அதன் புளிப்பும் வாசனையும் இன்னும் கடுமை. முதல் முறைக்கு லெமனே நல்லது.

ஈஸ்ட் என்ன செய்கிறது

ஈஸ்ட் ஒற்றைச் செல் உயிர், பூஞ்சை வகையைச் சேர்ந்தது. சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலையும் கரியமில வாயுவையும் வெளியே விடுகிறது. ஆப்ப மாவில் கொஞ்சம் கள் ஊற்றினால் பொங்குகிறதே, அதுவும் கள்ளில் இருக்கிற ஈஸ்டின் வேலைதான். ஒரு லிட்டரில் சுமார் 17 கிராம் சர்க்கரை தீர்ந்தால் ஒரு சதவீத ஆல்கஹால் கிடைக்கும். லிட்டருக்கு 200 கிராம் போட்டால் ஏறக்குறைய 12 சதவீதம்.

முன்பெல்லாம் காற்றிலும் பழத்தோலிலும் எந்த ஈஸ்ட் இருந்ததோ அதுதான் வேலை செய்தது. 1883இல் கோபன்ஹேகனின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வுக்கூடத்தில் எமில் கிறிஸ்டியன் ஹான்சன் ஒரே ஒரு ஈஸ்ட் செல்லைப் பிரித்தெடுத்து, அதிலிருந்து தூய வளர்ப்பை உண்டாக்கினார். இன்று நாம் கடையில் பெயர் சொல்லி, எண் சொல்லி ஒரு ரகத்தைக் கேட்டு வாங்குவதற்கு அடித்தளம் அது.

எலுமிச்சை ஏன் கஷ்டம்

திராட்சை, ஈஸ்டுக்குப் பிறந்த வீடு மாதிரி. புளிப்பு அளவாக இருக்கும், பிஎச் என்ற அமில அளவில் 3.2 முதல் 3.6க்குள். சத்தும் இருக்கும். எலுமிச்சைச் சாற்றில் 5, 6 சதவீதம் சிட்ரிக் அமிலம். பிஎச் பெரும்பாலும் 2.5க்குக் கீழே. பிஎச் கணக்கில் ஒரு எண் குறைந்தால் அமிலத் தாக்கம் பத்து மடங்கு கூடும். எனவே 3.4க்கும் 2.4க்கும் வித்தியாசம் சின்னது அல்ல.

இவ்வளவு அமிலம் சுற்றி நிற்கும்போது அது செல்லுக்குள் கசிந்துகொண்டே இருக்கும். ஈஸ்ட் அதை வெளியே தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும், அதற்கே அதன் தெம்பெல்லாம் போய்விடும். ஓட்டைப் படகில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருப்பவன் எப்போது துடுப்பு போடுவது?

சரி, தண்ணீர் ஊற்றி நீர்க்கச் செய்தால் போதாதா என்று எனக்கும் தோன்றியது. நாக்குக்குப் புளிப்பு குறையும். ஆனால் பிஎச் நாம் நினைக்கிற அளவுக்கு ஏறாது. குடிக்கிற பதத்துக்கு நீர்த்த எலுமிச்சைக் கரைசலும் பெரும்பாலும் 3ஐ எட்டாது. நாக்கை நம்பி ஏமாந்த இடம் இது.

இரண்டாவது பிரச்சினை பட்டினி. ஈஸ்ட் பெருகுவதற்குச் சர்க்கரை மட்டும் போதாது, நைட்ரஜன் சத்து வேண்டும். எலுமிச்சைச் சாற்றில் அது கொஞ்சம்தான், அதையும் ஏழெட்டு மடங்கு தண்ணீரில் கலக்கிறோம். மிஞ்சுவது சர்க்கரைத் தண்ணீர்.

மூன்றாவது, என் முதல் வாளியைக் கொன்றது. நேரம் மிச்சம் என்று பாட்டில் சாறு வாங்கியிருந்தேன், லேபிளைப் படிக்கவில்லை. அதில் சோடியம் பென்சோவேட் இருந்தது. ஈஸ்டும் பூசணமும் வளரக் கூடாது என்பதற்காகவே சேர்க்கும் பொருள் அது. அதில் போய் ஈஸ்டை வளர்க்கப் பார்த்திருக்கிறேன்! பென்சோவேட்டும், அதே வேலைக்குச் சேர்க்கும் சார்பேட்டும் புளிப்பு கூடக்கூட இன்னும் வேகமாக வேலை செய்பவை, எலுமிச்சை அவற்றுக்குத் தோதான இடம். பாட்டிலில் சல்பைட் மட்டும் இருந்தால் சமாளிக்கலாம்: அகலமான பாத்திரத்தில் ஊற்றி, நன்றாக அடித்துக் கலக்கி, துணி போட்டு ஒரு நாள், இரண்டு நாள் திறந்து வைத்தால் பெரும்பகுதி வாயுவாகப் போய்விடும். பென்சோவேட்டும் சார்பேட்டும் அப்படிப் போகாது. புதுப் பழம் பிழிவதுதான் நிம்மதி.

தோலையும் கவனிக்க வேண்டும். மஞ்சள் மேல்தோலில் இருக்கும் எண்ணெய்தான் வாசனை. ஆனால் அந்த எண்ணெய் ஈஸ்டுக்கு ஆகாது. மூன்று நான்கு பழத்தின் தோலைச் சீவிப் போட்டால் போதும். உள்ளே இருக்கும் வெள்ளைத் தோல் துளிகூட வேண்டாம், கசப்பு இறங்கிவிட்டால் எடுக்க வழியில்லை.

எந்த ஈஸ்ட்

முதல் முறை செய்கிறீர்களா? லால்வின் ஈசி-1118 வாங்குங்கள். யோசிக்கவே வேண்டாம். ஷாம்பெயின் பகுதியிலிருந்து வந்த ரகம். 10 முதல் 30 டிகிரி செல்சியஸ் வரை வேலை செய்யும், 18 சதவீத ஆல்கஹால் வரை தாங்கும், நைட்ரஜன் குறைவாகக் கிடைத்தாலும் ஓட்டிவிடும். தனக்கென்று பெரிய வாசனை எதையும் சேர்க்காது. சிலர் இதைக் குறையாகச் சொல்வார்கள். எலுமிச்சைக்கு இது நல்லது, பழத்தின் வாசனை பழத்தின் வாசனையாகவே நிற்கும். இதற்கு இன்னொரு குணமும் உண்டு. ஒருவகைப் புரதத்தை வெளியிட்டு, கூட வந்து சேரும் சில காட்டு ஈஸ்ட்களை ஒழித்துக்கட்டிவிடும்.

இரண்டாவது தேர்வு கே1-வி1116. இதுவும் முரட்டு ரகம், 18 சதவீதம் வரை தாங்கும். பழ வாசனையை இன்னும் துலக்கமாகக் காட்டும், ஆனால் அதற்குச் சாப்பாடு சரியாகக் கிடைக்க வேண்டும். ஊட்டம் சரியாகப் போட முடியும் என்றால் இதை எடுங்கள். எனக்கு இப்போது பிடித்தது இதுதான்.

71பி என்ற ரகத்தைப் பலரும் சிபாரிசு செய்வார்கள், ‘அது புளிப்பைக் குறைக்கும்’ என்று. அது குறைப்பது மாலிக் அமிலத்தை. ஆப்பிளிலும் திராட்சையிலும் அது நிறைய இருப்பதால் அங்கே பலன் தெரியும். எலுமிச்சையில் இருப்பது பெரும்பாலும் சிட்ரிக் அமிலம், அதை 71பி தொடாது. நல்ல ஈஸ்ட்தான், ஆனால் அந்தக் காரணத்துக்காக எலுமிச்சைக்கு வாங்காதீர்கள்.

ரொட்டி ஈஸ்ட் போடலாமா? அதுவும் அதே இனம்தான், சாக்கரோமைசிஸ் செரிவிசியே. ஆனால் மாவை வேகமாக உப்ப வைப்பதற்காகத் தேர்ந்தெடுத்து வளர்த்தது. ஒயினில் மாவு வாடை வரும், அடியில் இறுக்கமாகப் படியாமல் கலங்கிக்கொண்டே இருக்கும். பாக்கெட் விலையில் மிச்சம் பிடிக்கப் போய் ஒரு வாளி ஒயினையும் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஒரு பாக்கெட்டில் 5 கிராம் இருக்கும். சாதாரணமாக 23 லிட்டர் வரைக்கும் அது போதும். எலுமிச்சைக்கு நான் 4.5 லிட்டருக்கே முழுப் பாக்கெட்டையும் போடுவேன். கஷ்டமான வேலைக்கு ஆள் கூட இருந்தால் நல்லது. வாங்கும்போது தேதியைப் பாருங்கள், வீட்டுக்கு வந்ததும் ஃப்ரிட்ஜில் வையுங்கள். பிரித்து மடித்து வைத்த பழைய பாக்கெட்டை நம்ப வேண்டாம்.

ஈஸ்டை எழுப்புவது

உலர்ந்த ஈஸ்ட் செல் சுருங்கிப்போன திராட்சை மாதிரி. அதன் மேல்சவ்வு நனைந்து விரியும் முதல் சில நிமிடங்களில் எதை உள்ளே விடுவது, எதைத் தடுப்பது என்ற கட்டுப்பாடே அதற்கு இருக்காது. காவலாளி இல்லாத வாசல். அந்த நேரத்தில் எலுமிச்சைச் சாற்றில் விழுந்தால் அமிலம் தடையில்லாமல் உள்ளே போகும். குளிர்ந்த தண்ணீரில் விழுந்தால் உள்ளே இருப்பது வெளியே ஒழுகிவிடும். அதனால்தான் வெதுவெதுப்பான வெறும் தண்ணீரில் எழுப்ப வேண்டும்.

குழாய்த் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆறவிடுங்கள், குளோரின் போய்விடும். காய்ச்சி வடித்த நீர் வேண்டாம், தாது உப்புகள் இல்லாத நீர் ஈஸ்டுக்கு நல்லதல்ல. சுத்தமான கண்ணாடி டம்ளரில் 50 மில்லி எடுத்து, சூடு 35 முதல் 40 டிகிரிக்குள் இருக்கிறதா என்று தெர்மாமீட்டரில் பாருங்கள். தெர்மாமீட்டர் இல்லையென்றால் பாலுக்கு உறை ஊற்றும் பதம்: விரலை விட்டால் இதமாக இருக்க வேண்டும், சுடக் கூடாது.

ஈஸ்டைத் தண்ணீரின் மேல் பரவலாகத் தூவுங்கள். கலக்க வேண்டாம். குருணைகள் முதலில் மிதக்கும். ஒவ்வொன்றைச் சுற்றியும் தண்ணீர் லேசாகக் கலங்கி, பழுப்பு இழையாக அடியை நோக்கி இறங்குவது தெரியும். ஐந்து நிமிடத்தில் பாதி மூழ்கிவிடும். பதினைந்து நிமிடம் ஆனதும் டம்ளரை மெதுவாகச் சுழற்றுங்கள். இப்போது பால் விட்ட காப்பி நிறத்தில் கெட்டியாக இருக்கும், பிசைந்த ரொட்டி மாவு வாசனை அடிக்கும், ஓரத்தில் மெல்லிய நுரை தெரியலாம். முப்பது நிமிடத்துக்கு மேல் இப்படியே வைக்காதீர்கள், எழுந்த ஈஸ்டுக்குப் பசிக்கும்.

இந்தத் தண்ணீரில் டிஏபி என்ற ஊட்ட உப்பைப் போடக் கூடாது. எழும் நேரத்தில் அந்த உப்பு ஈஸ்டுக்குக் கேடு. கோ-ஃபெர்ம் என்று எழுப்புவதற்கென்றே ஒரு சத்துப்பொடி கிடைக்கிறது, ஈஸ்டின் எடையைப்போல் ஒன்றேகால் பங்கு. 5 கிராம் ஈஸ்டுக்கு ஆறேகால் கிராம். அதற்குத் தண்ணீரையும் 125 மில்லியாகக் கூட்டிக்கொள்ளுங்கள். இது இல்லாமலும் செய்யலாம், இருந்தால் எலுமிச்சை வேலை கணிசமாகச் சுலபமாகும்.

புளிப்புக்குப் பழக்குவது

திராட்சை என்றால் இத்தோடு வாளியில் ஊற்றிவிடலாம். எலுமிச்சைக்கு இன்னும் ஒரு நாள் பொறுமை வேண்டும்.

ஒரு லிட்டருக்கு மேல் கொள்ளும் சுத்தமான ஜாடியில் 250 மில்லி ஆப்பிள் சாறு எடுங்கள். பென்சோவேட், சார்பேட் இல்லாத சாறு. வைட்டமின் சி சேர்த்திருந்தால் பரவாயில்லை. அறையின் சூட்டில் இருக்க வேண்டும். ஈஸ்ட் கரைசலுக்கும் சாற்றுக்கும் 10 டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் ஈஸ்ட் அதிர்ந்துபோகும். அதனால் டம்ளருக்குள் ஒரு கரண்டி சாறு, ஐந்து நிமிடம் கழித்து இன்னொரு கரண்டி என்று விட்டுச் சூட்டைச் சமன்படுத்திய பிறகு ஜாடியில் ஊற்றுங்கள். துணியால் மூடுங்கள், இறுக்கமான மூடி வேண்டாம். வாயு போக வழியில்லாவிட்டால் ஜாடி வெடிக்கும்.

இதைச் சாயங்காலம் ஆரம்பிப்பது வசதி. காலையில் மேலே நுரை இருக்கும், காதருகே கொண்டுபோனால் சோடா மாதிரி ‘ஸ்ஸ்’ என்று கேட்கும். அப்போது வாளியில் கலந்து வைத்த எலுமிச்சைக் கரைசலில் (அளவு கீழே) 250 மில்லி சேருங்கள். நுரை அடங்கிவிடும். பயப்பட வேண்டாம். சில மணி நேரத்தில் மறுபடி எழும். எழுந்த பிறகு 500 மில்லி. மறுபடி அடங்கும், மறுபடி எழும். நேரக் கணக்கைவிட நுரைக் கணக்குதான் முக்கியம்: எழுந்தால்தான் அடுத்தது. எழவில்லையென்றால் காத்திருங்கள், ஜாடியைச் சூடான இடத்துக்கு மாற்றிப் பாருங்கள். இப்படி ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கூடுதல் புளிப்பில் பிழைத்துப் பெருகுகிற செல்கள்தான் இரவு வாளிக்குள் போகப்போகின்றன. ஜாடியில் செத்தால் நஷ்டம் ஒரு பாக்கெட். வாளியில் செத்தால் எல்லாம் போச்சு.

இதற்கிடையில் வாளியும் தயாராக வேண்டும். 4.5 லிட்டருக்கு என் அளவு 550 மில்லி சாறு, 900 கிராம் சர்க்கரை, டானின் துவர்ப்புக்காக ஒரு கப் கடுந்தேநீர். சாற்றில் பாதியை மட்டும் இப்போது ஊற்றுங்கள். மீதியை மூடி ஃப்ரிட்ஜில் வையுங்கள். புளிப்பை இரண்டு தவணையாகக் கொடுக்கும் இந்த ஒரே மாற்றம் பாதிப் பிரச்சினையைத் தீர்த்துவிடும். பிஎச் தாள் இருந்தால் பாருங்கள், 3க்குக் கொஞ்சம் மேலே இருந்தால் நல்லது. குறைவாக இருந்தால் ஒயின் கடையில் கிடைக்கும் பொட்டாசியம் பைகார்பனேட்டை கால் டீஸ்பூன் போட்டு, பொங்கி அடங்கியதும் மறுபடி பாருங்கள். சமையல் சோடா வேண்டாம், உப்புக் கரிக்கும்.

கேம்ப்டன் என்ற சல்பைட் மாத்திரை போட்டுக் கிருமி நீக்குவதாக இருந்தால், போட்டு 24 மணி நேரம் கழித்தே ஈஸ்ட். ஊற்றுவதற்கு முன் வாளியை நன்றாக ஆற்றிக் கலக்குங்கள், காப்பி ஆற்றுவது போல. ஆரம்பத்தில் ஈஸ்டுக்குக் காற்று வேண்டும். தன் சவ்வைக் கட்டிக்கொள்ள அதற்கு ஆக்சிஜன் தேவை. பிற்பாடு காற்று எதிரி, முதல் இரண்டு நாள் மட்டும் நண்பன்.

ஊட்டம்

பொங்க ஆரம்பித்ததும் ஈஸ்ட் ஊட்டத்தில் பாதி, சர்க்கரையில் மூன்றில் ஒரு பங்கு தீர்ந்ததும் மீதி. அளவு பாக்கெட்டில் போட்டிருக்கும். பெரும்பாலான ஊட்டப் பொடிகளில் முக்கியச் சரக்கு டைஅம்மோனியம் பாஸ்பேட்தான், அதாவது டிஏபி. நம் ஊரில் டிஏபி என்றதும் உர மூட்டை ஞாபகம் வரும். வேதிப்பெயர் ஒன்றுதான், ஆனால் வயலுக்குப் போடும் உரத்தை ஒருநாளும் இதில் போடாதீர்கள், அதில் என்னென்ன கலந்திருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. உணவுத் தரம் என்று எழுதியதை மட்டும் வாங்குங்கள்.

மூடியைத் திறந்ததும் அழுகிய முட்டை நாற்றம் வந்தால் ஈஸ்ட் பட்டினி கிடக்கிறது என்று அர்த்தம். பதறிக் கொட்டிவிடாதீர்கள். நன்றாகக் கலக்கி வாயுவை வெளியேற்றி, பொங்குவது பாதியைத் தாண்டவில்லையென்றால் ஊட்டத்தைப் போடுங்கள். பெரும்பாலும் ஒரு நாளில் சரியாகிவிடும்.

அப்புறம் அறையின் சூடு. 20 முதல் 24 டிகிரி இதமானது. எங்கள் வீட்டு நிலவறை குளிர்காலத்தில் 15 டிகிரிக்கு வந்துவிடும். ஈசி-1118 தாங்கும்தான், ஆனால் அமிலம், பட்டினி, குளிர் மூன்றையும் ஒன்றாக அதன் தலையில் கட்டக் கூடாது. ஆரம்ப வாரத்துக்காவது வாளியை ஹீட்டர் இருக்கும் அறையில் வையுங்கள்.

அடிமண்டி

பழக்குவதற்கு ஒரு குறுக்குவழி உண்டு. வேறு ஒயின் ஏதாவது பொங்கி முடிந்து, தெளிவை வடித்த பிறகு அடியில் தங்கும் அடிமண்டியை அப்படியே எலுமிச்சை வாளியில் ஊற்றுவது. அதில் கோடிக்கணக்கான செல்கள் ஏற்கெனவே எழுந்து, வேலை பார்த்து, புளிப்பிலும் ஆல்கஹாலிலும் பழகியவை. இறந்த செல்கள் உயிரோடு இருப்பவற்றுக்குச் சத்தாகவும் ஆகும். அமெரிக்க வீட்டு ஒயின்காரர்களிடையே ஸ்கீட்டர் பீ என்றொரு எலுமிச்சை ஒயின் பிரபலம். ஐந்து காலன் அளவில், பாட்டில் சாற்றிலேயே செய்வார்கள். அது பொங்குவதன் ரகசியம் இந்த மண்டிதான். வடித்த அன்றே ஊற்றுவது நல்லது. சல்பைட்டோ சார்பேட்டோ போட்ட ஒயினின் மண்டி உதவாது. சிவப்பு ஒயின் மண்டி என்றால் எலுமிச்சை இளஞ்சிவப்பாக வரும், அழகாகவே இருக்கும்.

கரைசலின் அடர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டரில் 1.075, 1.080 என்று ஆரம்பித்த எண், சர்க்கரை தீரத் தீர நாளுக்கு நாள் இறங்கும். 1.050ஐத் தொடும்போது ஃப்ரிட்ஜில் இருக்கும் மீதிச் சாற்றை எடுத்து, அறைச் சூட்டுக்கு வந்ததும் இரண்டு தடவையாக, ஒரு நாள் இடைவெளியில் ஊற்றுங்கள். இந்தக் கட்டத்தில் ஈஸ்ட் கூட்டம் பெரிது, தாங்கிக்கொள்ளும். 1.020 வாக்கில், வாயுவை வெளியே விட்டுக் காற்றை உள்ளே விடாத ஏர்லாக் மாட்டிய கண்ணாடிக் குடுவைக்கு மாற்றுங்கள். ஈசி-1118 சர்க்கரையைத் துளி மிச்சம் வைக்காது, அதனால் முடிவில் சுவை கத்தி மாதிரி இருக்கும். ஈஸ்ட் மறுபடி எழாதபடி அதை நிலைநிறுத்தி இனிப்பு சேர்ப்பது தனி வேலை. அதற்கான பொடிகளைப் போடுவதற்கு முன், முதல் தடவை வடிக்கும்போதே அடிமண்டியில் ஒரு டம்ளரை எடுத்து, சுத்தமான ஜாடியில் லேசாக மூடி ஃப்ரிட்ஜில் வையுங்கள். இரண்டு வாரத்துக்குள் அடுத்த வாளி எலுமிச்சையை ஆரம்பித்தால் பாக்கெட்டே தேவைப்படாது.